கூரை போனால் குரலும் போகும்

தெற்கு வேல்ஸின் மலைச்சரிவில் பிளைனாவன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இன்று அங்கே ஏறக்குறைய 6,000 பேர் வாழ்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இதைப்போல் இரண்டு மடங்கு பேர் இருந்தார்கள். 1789-இல் தொடங்கிய இரும்பு ஆலையும் அதையொட்டித் தோண்டிய நிலக்கரிச் சுரங்கங்களும் உண்டாக்கிய ஊர் அது. அந்த ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய கல் கட்டடம் ஒன்று அங்கே நிற்கிறது. தொழிலாளர் மண்டபம் என்பது அதன் பெயர். 1895-இல் திறந்தார்கள். சுமார் 10,000 பவுண்டு செலவானது. கூலியிலிருந்து வாரம் அரைப் பென்னி பிடித்துச் சேர்த்த பணம்தான் அதன் அஸ்திவாரம். அன்றைய நாணயக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 480 அரைப் பென்னி. அப்படியானால் 10,000 பவுண்டு என்பது 48 லட்சம் அரைப் பென்னி.

நூலகம், வாசிப்பறை, பில்லியர்ட்ஸ் அறை, பெரிய மேடை எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. பின்னாளில் அங்கே சினிமாவும் காட்டினார்கள். முதலாளி கட்டிக்கொடுத்த மண்டபம் அல்ல, அரசு கட்டியதும் அல்ல. பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் தங்கள் மாலைப்பொழுதுக்காகத் தாங்களே கட்டிக்கொண்டது.

பிளைனாவன் மண்டபம் இன்றும் நிற்கிறது. அதைப்போன்ற பல மண்டபங்கள் இன்று இல்லை. அவை ஏன் போயின, மிஞ்சியிருப்பவற்றுக்கு என்ன ஆபத்து என்பதை உண்மைகளை வரிசையாக வைத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்க்காரர்கள் தாங்களே பாடி, நடித்து, வாசித்து நடத்தும் கலைக்குக் காசு தேவையில்லை, ஆர்வம் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இதை நம்பித்தான் உள்ளாட்சிக் கவுன்சில்கள் மண்டபங்களைக் கைகழுவுகின்றன. இந்த நம்பிக்கையால்தான், மண்டபம் மூடப்படும் நாள்வரை ஊரும் கவலைப்படாமல் இருந்துவிடுகிறது.

கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள்

வேல்ஸ் மக்களுக்குப் பாட்டு இரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்வதுண்டு. கேட்க இனிமையான பேச்சு, ஆனால் ஆபத்தானது. இரத்தத்தில் இருப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, காப்பாற்றவும் வேண்டியதில்லை என்று அது நினைக்க வைக்கிறது. வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் கர்வன் பரப்பிய 'டானிக் சோல்ஃபா' முறை வேல்ஸின் தேவாலயங்களுக்கு வந்தது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு தெரியாத சுரங்கத் தொழிலாளியும் அவர் பிள்ளைகளும் எழுத்துகளைக் கொண்டே சுரம் படித்து நான்கு குரல்களில் சேர்ந்து பாடக் கற்றார்கள். தேவாலயங்களில் வார நாட்களில் பாட்டு வகுப்பு நடந்தது. யேவன் க்விலிட் என்ற புனைபெயரில் அறியப்பட்ட ஜான் ராபர்ட்ஸ் 1859-இல் அபர்டேர் ஊரில் 'கமன்வா கானி' என்னும் கூட்டுப் பாடல் விழாவை நடத்தினார். அது வேல்ஸ் முழுவதும் பரவியது. 1872-இலும் 1873-இலும் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த போட்டிகளுக்கு நூற்றுக்கணக்கான தெற்கு வேல்ஸ் பாடகர்களைக் 'கராடாக்' என்று அழைக்கப்பட்ட க்ரிஃபித் ரீஸ் ஜோன்ஸ் அழைத்துச் சென்றார். வெற்றியோடு திரும்பினார்கள். அந்தக் குழுவில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் நிறைந்திருந்தார்கள். இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தவை வாராந்திர வகுப்பு, கற்பிக்கும் ஆள், கூடி உட்கார ஓர் இடம்.

தேவாலயத்துக்கு அடுத்தபடியாகத் தொழிலாளர் மண்டபங்கள் வந்தன. ரோண்டா பள்ளத்தாக்கின் ட்ரீயார்க்கி ஊரில் பார்க், டேர் என்ற இரு சுரங்கங்களின் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி கொடுத்து 1892-இல் நூலகமும் சங்கமும் அமைத்தார்கள், 1913-இல் அரங்கும் சேர்த்தார்கள். 1920-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழில் சட்டம் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னியைச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அந்தப் பணம் மேலும் பல மண்டபங்களையும் விளையாட்டுத் திடல்களையும் தந்தது. 1930-களின் நடுவில் வேல்ஸின் நிலக்கரிப் பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் நூலகங்கள் இருந்தன. 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனைரின் பெவன் ட்ரெடீகர் தொழிலாளர் சங்க நூலகத்தில் படித்து வளர்ந்தவர். பிறகு சுகாதார அமைச்சராகி, 1948-இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியவர் அவர்தான்.

பணமே இல்லாத காலத்திலும் கலை நடந்தது என்று வாதிடுவோர் 1926-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். மே மாதம் தொடங்கி ஏழு மாதம் தொழிலாளர்களுக்குக் கூலி கிடையாது. அந்தக் கோடையில்தான் பள்ளத்தாக்கு ஊர்களில் 'கஸூகா' குழுக்கள் பெருகின. கஸூகா என்பது வாயில் வைத்து முனகினால் ஒலிக்கும் சிறு குழல். விலை மலிவு, பயிற்சியும் அதிகம் வேண்டாம். வீட்டுத் துணிகளைத் தைத்து வேடம் கட்டிக்கொண்டு தெருவில் அணிவகுத்தார்கள். ஊருக்கு ஊர் போட்டி நடந்தது, கஞ்சித் தொட்டிகளுக்குப் பணமும் சேர்ந்தது. உண்மைதான். ஆனால் அந்தக் குழுக்களை உருவாக்கியவர்கள் அதற்கு முன்பே ஒரு தலைமுறைக் காலம் தேவாலயத்திலும் மண்டபத்திலும் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். கூலி நின்றபோதும் மண்டபக் கதவு திறந்தே இருந்தது. சேமித்து வைத்த பழக்கத்தை அவர்கள் பஞ்ச காலத்தில் செலவு செய்தார்கள். சேமிப்பே இல்லாத ஊரில் அது நடக்காது.

இந்தச் சேமிப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு 1957 சாட்சி. அமெரிக்க அரசு அந்நாட்டுப் பாடகர் பால் ரோப்சனின் பாஸ்போர்ட்டை 1950 முதல் முடக்கி வைத்திருந்தது. போர்த்கால் என்ற கடற்கரை ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய ஐஸ்டெத்வட் கலைவிழாவுக்கு அவரால் வர முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அட்லாண்டிக் கடலடியில் தொலைபேசிக் கம்பி இணைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக நியூயார்க்கிலிருந்து அவர் பாடினார். அரங்கில் கூடியிருந்தவர்கள் கேட்டார்கள், ட்ரீயார்க்கி ஆண்கள் பாடகர் குழு பதிலுக்குப் பாடியது. ஒரு வல்லரசு அடைத்த கதவைத் தாண்டித் தங்கள் விருந்தினரை மேடையேற்றும் துணிவு ஒரு தொழிற்சங்கத்தின் கலைவிழாவுக்கு இருந்தது.

வாராந்திர அரைப் பென்னி நின்றது

1920-இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் 2,71,000 பேர் வேலை செய்தார்கள். பிளைனாவனின் பிக் பிட் சுரங்கம் 1980-இல் மூடி, 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1984-85-இல் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் தோற்ற பிறகு மூடல்கள் வேகமெடுத்தன. தொழிலாளர்களே விலைக்கு வாங்கி 1995 முதல் நடத்திய டவர் சுரங்கம் 2008-இல் நிலக்கரி தீர்ந்து மூடியது. அதோடு தெற்கு வேல்ஸின் பெரிய ஆழ்சுரங்கங்களின் காலம் முடிந்தது.

சுரங்கம் மூடினால் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கூலிச்சீட்டின் பிடித்தமும் அதோடு போனது என்பதைக் குறைவானவர்களே கவனித்தார்கள். அந்தப் பிடித்தத்துக்கு மூன்று குணங்கள் இருந்தன. அது சிறு தொகை, அதனால் யாருக்கும் சுமையாக இல்லை. தவறாமல் வந்தது, அதனால் மண்டபக் குழு அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட முடிந்தது. உள்ளூரிலிருந்தே வந்தது, அதனால் எப்படிச் செலவு செய்தார்கள் என்று கேட்கும் உரிமை பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த வருமானம் அதன் பிறகு எந்த மண்டபத்துக்கும் கிடைக்கவில்லை.

விளைவை ஓக்டேல் என்ற ஊரில் பார்க்கலாம். 1917-இல் திறந்த ஓக்டேல் தொழிலாளர் சங்கக் கட்டடம் 1980-களின் இறுதியில் மூடியது. கற்களைப் பிரித்தெடுத்து, கார்டிஃப் அருகிலுள்ள செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டி, 1995-இல் பார்வைக்குத் திறந்தார்கள். நூலகமும் மேடையும் அப்படியே இருக்கின்றன. கட்டடத்தை அழியாமல் காத்தவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் ஓக்டேல் ஊருக்கு அந்த மேடை திரும்பவில்லை. நூல்களுக்கும் இதே கதிதான். பல சங்க நூலகங்கள் கலைந்து புத்தகங்கள் விற்கப்பட்டன, சிதறின. மிஞ்சியவற்றில் பலவற்றைச் சேர்த்து 1973-இல் ஸ்வான்சீயில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் அமைந்தது. ஆய்வாளர்களுக்கு அது கிடைத்தற்கரிய இடம். ஆனால் வேலை முடிந்து வருகிறவர் நடந்துபோய்ப் புத்தகம் எடுக்கும் தூரத்தில் அது இல்லை.

திட்டப் பணம் செய்வதும் செய்யாததும்

அரைப் பென்னிக்குப் பதிலாக வேறு பணம் வந்தது. 1994-இல் பிரிட்டனில் தேசிய லாட்டரி தொடங்கியது, அதன் வருவாயில் ஒரு பகுதி கலைக்கும் பாரம்பரியக் கட்டடங்களுக்கும் போனது. 2000 முதல் மேற்கு வேல்ஸும் பள்ளத்தாக்குப் பகுதியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர்நிலை வட்டார உதவியைப் பெற்றன. அதே 2000-இல் யுனெஸ்கோ பிளைனாவன் தொழில் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியப் பணம் நின்றது. அதற்கு ஈடாக 2022-இல் லண்டன் அரசு கொண்டுவந்த நிதி முதலில் மூன்று ஆண்டுக்கு என்று வந்து, பிறகு ஓராண்டு நீட்டிக்கப்பட்டது.

இந்தப் பணத்தால் பல நல்ல காரியங்கள் நடந்தன. நியூபிரிட்ஜ் ஊரில் 1908-இல் கட்டிய சங்கக் கட்டடமும், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1924-இல் கட்டிய மண்டபமும் இடியும் நிலைக்கு வந்திருந்தன. 2004-இல் பிபிசியின் பழங்கட்டட மீட்பு நிகழ்ச்சியில் இடம்பெற்று, லாட்டரிப் பணமும் ஊர்க்காரர்களின் பல்லாண்டு உழைப்பும் சேர்ந்து 2014-இல் அவை புதுப்பொலிவுடன் திறந்தன. அதை மறுப்பவர் யாருமில்லை.

ஆனால் திட்டப் பணத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் ஒருமுறை வரும், பெரிதாக வரும், தொலைவிலிருந்து வரும். கூரை மாற்றத் தரும், குளிர்காலம் முழுக்க அந்த அறையைச் சூடாக்கத் தராது. சுவரோவியத்துக்கும் திறப்பு விழாவுக்கும் தரும். செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கொம்பு வாத்தியம் சொல்லித்தருபவரின் சம்பளத்துக்கு மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு தராது. அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுதவே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் ஏற்கெனவே கணக்கும் சாவியும் வைத்திருக்கும் அதே தன்னார்வலர்தான்.

பான்டிப்ரித் ஊரின் முனி கலை மையத்தின் பத்தாண்டுகள் இதற்குச் சான்று. பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்த அந்த மையத்தைச் செலவுக் குறைப்பின்போது 2014-இல் கவுன்சில் மூடியது. மறு ஆண்டே உள்ளூர் அறக்கட்டளை ஒன்று திறந்து நடத்தியது. சில ஆண்டுகளில் மீண்டும் மூடியது. பெரும் பொதுப்பணத்தில் புதுப்பித்து 2024-இல் வேறொரு அறக்கட்டளையின் பொறுப்பில் திறந்தார்கள். மூடியபோது மிச்சமான ஆண்டுச் செலவைக் கணக்கில் காட்டியவர்கள், மீண்டும் திறக்கச் செலவானதையும் அதே கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பத்தாண்டில் அந்த மேடையில் ஏறியிருக்க வேண்டிய பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அந்தக் கணக்கை எந்த மானியமும் சரிசெய்யாது.

வெளியிலிருந்து கொண்டுவரும் திட்டம் ஊரின் பழக்கத்தோடு ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிளைனாவனிலேயே ஓர் அனுபவம் உண்டு. ஹே-ஆன்-வை என்ற எல்லையோரச் சிற்றூர் 1960-களின் தொடக்கத்திலிருந்து ரிச்சர்டு பூத்தின் பழைய புத்தகக் கடைகளால் மெல்ல மெல்லப் புத்தக நகரமாக வளர்ந்தது. 1988-இல் அங்கே இலக்கிய விழாவும் தொடங்கியது. அதைப் பார்த்து 2003-இல் பிளைனாவனையும் புத்தக நகரமாக்கும் முயற்சி பரபரப்பாகத் தொடங்கியது. கடைகள் திறந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடின. முயன்றவர்களின் நோக்கத்தில் குறையில்லை. பல பத்தாண்டுகளில் ஓரூரில் ஊறிய பழக்கத்தை இன்னோரூரில் ஓரிரு ஆண்டில் நட்டுவிட முடியாது என்பதே பாடம். அதே பிளைனாவனில் 1910 முதல் ஆண்கள் பாடகர் குழு இருக்கிறது. எதை வளர்க்க வேண்டும் என்று தேட வெளியே போக வேண்டியதில்லை.

சட்டம் காக்காத துறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சில்கள் நூலகம் நடத்தியாக வேண்டும், 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கலைக்கும் அரங்குக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பள்ளி, முதியோர் பராமரிப்பு, குப்பை அகற்றல் ஆகியவற்றுக்குக் கட்டாயச் செலவு போனபின் மிஞ்சினால் மட்டுமே கலைக்கு. மிஞ்சாத ஆண்டுகளில் முதல் வெட்டு அங்கேதான் விழும். வேல்ஸின் 2015-ஆம் ஆண்டு வருங்காலத் தலைமுறையினர் நல்வாழ்வுச் சட்டம் துடிப்பான பண்பாட்டை ஏழு இலக்குகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் இலக்குக்கு எதிராக எந்த வரவுசெலவுத் தலைப்பும் கட்டாயமாக்கப்படவில்லை.

2010-இல் வேல்ஸ் கலை மன்றம் நடத்திய மறுஆய்வில் முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் தொடர் மானியத்தை இழந்தன. பிளைனாவனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அபர்கவெனியிலிருந்து பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் நாடகம் கொண்டுபோன க்வென்ட் தியேட்டர் அவற்றில் ஒன்று. லாண்ட்ரின்டாட் வெல்ஸ் என்ற ஊரிலிருந்து இயங்கிய தியேட்டர் பாவிஸ் இன்னொன்று. இரண்டும் இன்று இல்லை. 2024-25-இல் கலை மன்றத்துக்கு வேல்ஸ் அரசு தரும் தொகை 10.5 சதவீதம் குறைந்தது. நாட்டின் ஆங்கில மொழி தேசிய நாடக அமைப்பே தொடர் மானியத்தை இழந்து 2024-இன் இறுதியோடு முன்பிருந்த வடிவில் நின்றுபோனது. 2025 ஜனவரியில் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்தின் பண்பாட்டுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பண்பாட்டுச் சேவைகளுக்குத் தலைக்குச் செலவிடுவதில் ஒப்பிட்ட ஐரோப்பிய நாடுகளில் வேல்ஸ் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது என்றது அது.

ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 2022-இல் வேல்ஸ் அரசு மூன்று ஆண்டுக்கு 1.35 கோடி பவுண்டு ஒதுக்கித் தேசிய இசைச் சேவையைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாத்தியம் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு என்பது அதன் குறி. தேவாலயங்கள் மூடி, வார வகுப்புகள் மறைந்த இடத்தில் இது சரியான மருந்து. பள்ளியில் கற்ற பிள்ளை மாலையில் போய் வாசிக்க ஊரில் ஒரு குழுவும் கூடமும் இருந்தால்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

கைபேசி இருக்கிறதே என்பவர்களுக்கு

கையில் இருக்கும் திரையில் உலகத்தின் சிறந்த பாடகர்கள் எல்லாரும் இருக்கும்போது ஊர்க்குழு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊர்க்கலையின் பயன் கேட்பவரை மகிழ்விப்பதோடு முடிவதாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆனால் நாற்பது பேர் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடி ஒருவர் குரலுக்கு மற்றவர் குரலை ஒத்துப்போகச் செய்யும்போது பாட்டைத் தவிர வேறு சிலவும் அங்கே உருவாகின்றன. வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் வழக்கம் அதில் ஒன்று. குழுவின் கணக்கு எழுதுவது, கூட்டம் நடத்துவது, கருத்து வேறுபட்டவரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பது எல்லாம் அங்கே பழகியவை. 1926-இல் கஞ்சித் தொட்டி நடத்தவும், 1984-85-இல் ஓராண்டு முழுக்க உணவுப் பொட்டலம் பகிரவும் அந்தப் பள்ளத்தாக்குகளால் முடிந்தது. ஏனென்றால் கூடிப் பழகிய இடங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன, கூட்டம் நடத்தத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். இந்தப் பயிற்சியைத் திரை தராது.

கவுன்சில் விட்டுவிட்டால் ஊர்க்காரர்களே ஏற்று நடத்தட்டும் என்பது இன்னொரு வாதம். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கவுன்சில் தருவது பெரும்பாலும் ஒழுகும் கூரையோடும் பழைய மின்கம்பிகளோடும் கூடிய சாவி. வாங்கிக்கொள்பவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். இன்னொரு குறையும் உண்டு. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊருக்கு முக்கியமான கட்டடம் விற்பனைக்கு வந்தால், பணம் திரட்டி விலை கேட்க ஊர்க்காரர்களுக்கு அவகாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் 2003 முதலே ஊர்ச் சமூகம் நிலம் வாங்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் அந்தப் பிரிவு வேல்ஸில் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கூலியில் காசு போட்டு மண்டபம் கட்டிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அது விற்பனைக்கு வரும்போது முதலில் கேட்கும் உரிமைகூட இல்லை.

ஆபத்தின் அறிகுறிகள்

மண்டபம் ஒரே நாளில் மூடுவதில்லை. முதலில் மாலை நேரம் குறையும். பிறகு முழுநேரப் பொறுப்பாளர் இடத்தில் பகுதிநேர ஆள் வருவார். பிறகு அந்த வேலை தன்னார்வலருக்குப் போகும். சிறு பழுதுகளைத் தள்ளிப்போடுவார்கள். ஒத்திகைக்கு வாடகை ஏறும், அதனால் இளைஞர் குழு முதலில் விலகும். கடைசியில் பாதுகாப்பு ஆய்வில் கூரையோ மின்கம்பியோ தேறாது, தற்காலிகமாக மூடுகிறோம் என்ற பலகை தொங்கும். இந்த வரிசையில் மூன்றாவது படியில் குரல் எழுப்பினால் காப்பாற்றலாம். பலகை தொங்கிய பின் எழுப்பும் குரலுக்குச் செலவு பல மடங்கு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எந்தக் கட்டட மானியத்தோடும் பத்தாண்டு நடத்தும் செலவுக்கான ஏற்பாட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும், தருபவர்களும் சேர்த்தே தர வேண்டும். ஒவ்வொரு மண்டபத்துக்கும் சம்பளம் வாங்கும் பொறுப்பாளர் ஒருவராவது வேண்டும். ஊர்க்காரர்கள் சிறு தொகையை மாதந்தோறும் வங்கி வழியாகத் தரும் உறுப்பினர் முறையை மீண்டும் தொடங்க வேண்டும். தொகையைவிட அது தவறாமல் வருவதே முக்கியம். வேல்ஸ் நாடாளுமன்றம் ஊர்ச்சொத்தை ஊரே வாங்கும் உரிமைக்குச் சட்டம் இயற்ற வேண்டும்.

நான்கு குரலில் பாடத் தேவாலய வகுப்புகளில் கற்றுக்கொண்ட கடைசித் தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கற்றுக்கொடுக்கக்கூடிய ஆண்டுகள் குறைவு. ஆகவே செலவின் வரிசை முக்கியம். முதலில் கூரை, அடுத்து கற்பிப்பவரின் சம்பளம், அதற்குப் பிறகே விழாவும் சுவரோவியமும். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஊர் ஒருநாள் மண்டபத்தை மறுபடியும் கட்டக்கூடும். அன்று அதற்குள் நின்று பாடச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.